ஆர்டெல் நகருக்கு முதல் தடவை வருவோர் கவனத்துக்கு

ஆர்டெல் நகரத்துக்கு முதல் தடவை வருகிறவர்கள் வியாழக்கிழமையன்று இரண்டரை மணிக்குள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டுவிட வேண்டும், ஏனென்றால் மூன்று மணி அடித்ததும் வடக்கு வாசல் வழியாகப் படை உள்ளே வரும், நானூற்றுப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை எப்படி வந்ததோ அப்படியே, அதே முரசோடும் அதே ஈட்டிகளோடும் அதே சேறு படிந்த பூட்ஸ்களோடும் வரும், நான்கு மணி வரை வெட்டும், நான்கு மணிக்குத் தெற்கு வாசல் வழியாகப் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்தில் எந்த உணவகத்திலும் பரிமாற மாட்டார்கள்.

இது சுற்றுலா வழிகாட்டி குணநாயகம் தமிழில் எழுதி அச்சடித்திருந்த துண்டுப் பிரசுரத்தின் முதல் குறிப்பு. மொத்தம் பதினொரு குறிப்புகள். ஓடாதீர்கள், ஓடுகிற எதையும் அவர்கள் குத்துவார்கள். கதவைச் சாத்தாதீர்கள், சாத்திய கதவை உடைப்பார்கள், திறந்த கதவைக் கண்டால் தாண்டிப் போய்விடுவார்கள். கையில் ரொட்டி வைத்திருக்காதீர்கள். வெள்ளை உடுப்பு வேண்டாம், தெறிக்கும். சாகிறவர்கள் உங்களிடம் ஏதாவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள். தேவாலயக் கோபுரத்தில் ஏறுவதற்கு வெள்ளிக்கிழமை காலை நல்லது, வரிசை இருக்காது, படிகளும் கழுவியிருக்கும்.

நகரத்தார் இதைப் பற்றி ஆச்சரியப்படுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். முதல் நூறு வருடம் ஜெபித்துப் பார்த்தார்கள், அடுத்த நூறு வருடம் மதிலை உயர்த்திப் பார்த்தார்கள், படை மதிலையும் மதிக்கவில்லை ஜெபத்தையும் மதிக்கவில்லை, ஆகவே சனங்கள் வேறு வழியில்லாமல் வியாழக்கிழமையோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டார்கள். இரண்டு ஐம்பதுக்கு டிராம்கள் நிற்கும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்துப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்ல வைப்பார்கள். வியாழனன்று யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சலவைக் கடைகளில் ரத்தக்கறைக்கென்றே தனியாக ஒரு தூள் உண்டு. தெற்கு வாசலில் நகரசபையின் இரண்டு தண்ணீர் வண்டிகள் தயாராக நிற்கும், நாலரைக்கெல்லாம் சந்தைச் சதுக்கம் பளிச்சென்று ஆகிவிடும், ஐந்து மணிக்கு அதே இடத்தில் ஐஸ்கிரீம் விற்பார்கள்.

சதுக்கத்தில் வெட்டுப்படுகிறவர்கள் பெரும்பாலும் அன்றைக்குச் செத்தவர்களேதான். வங்கி இருக்கிற மூலையில் அந்தக் காலத்தில் ஒரு ரொட்டிக்கடை இருந்திருக்கிறது. மூன்று ஐந்துக்கு அந்த வங்கியின் கண்ணாடிக் கதவிலிருந்து ரொட்டிக்காரன் மாவு படிந்த கைகளோடு வெளியே வருவான், என்ன சத்தம் என்று பார்ப்பான், ஒருவன் அவன் தாடையைப் பிடித்துத் தூக்கிக் கழுத்தை அறுப்பான். அவனுடைய இரண்டு மகள்களைத் தலைமுடியைப் பற்றிக் கிணற்றடிக்கு இழுத்துப் போவார்கள். மூத்தவள் கடைசிவரை கடிப்பாள். நானூற்றுப் பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு வியாழனும் அவள் கடித்துக்கொண்டேதான் செத்தாள். கைபேசியில் எடுத்தால் வெறும் சதுக்கம் மட்டுமே விழும், அதனால் நேரில் வந்துதான் பார்க்க வேண்டும், அதனால்தான் வருடத்துக்கு மூன்று லட்சம் பேர் வந்தார்கள்.

குணநாயகம் அந்த நகரத்தில் இருபத்துநான்கு வருடமாக இருந்தான். அவன் வன்னிக்காரன். ஷெல் விழும் சத்தத்தை வைத்து எத்தனை பனை தூரம் என்று சொல்லத் தெரிந்தவன், அந்தப் படிப்பு வேறு எதற்கும் உதவாமல் கடைசியில் இதற்குத்தான் உதவியது. முதல் வியாழக்கிழமை அவன் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு அழுதான். பத்தாவது வியாழக்கிழமை தேத்தண்ணி போட்டுக் குடித்தான். பிறகு வழிகாட்டி வேலைக்கு உரிமம் எடுத்து, லண்டனிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற தமிழ்க் குழுக்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தான். பதினொரு வருடத்தில் அவனுடைய கையில் ஒரு தமிழ் உயிர் போனதில்லை என்பது அவனுக்கு மகா பெருமை.

அந்தப் பெருமைக்குள் ஒரு முள் இருந்தது. உயிரோடிருக்கிற யாரையும் படை தொடாது என்று நகரசபை சொல்லும், ஆனால் வருடத்துக்கு மூன்று நான்கு பேரைத் தொட்டது. சதுக்கத்திலிருந்து ஐந்தாறு பேர் தனியாகப் பிரிந்து ஏதோ ஒரு வீட்டின் மாடிப்படியிலோ விடுதியின் நடைபாதையிலோ ஏறிப்போய், உயிருள்ள ஒருவரை இழுத்துவந்து கிணற்றடியில் வெட்டிவிட்டுப் போவார்கள். அந்த ரத்தம் தண்ணீர் வண்டிக்குச் சீக்கிரம் போகாது. நகரசபை அதை விபத்து என்று எழுதும். குணநாயகம் மூன்று விபத்துகளைக் கூர்ந்து பார்த்தான். ஈரானிலிருந்து மகளைப் பார்க்க வந்த ஒரு பெரியவர், ஒரு ஜப்பானியப் பெண், ஒரு துருக்கி நாட்டுத் தச்சன். மூன்று பேரும் வெளியூர். மூன்று பேரும் செருப்பையோ சப்பாத்தையோ அறை வாசலுக்கு வெளியே கழற்றி வைத்திருந்தார்கள். ஆர்டெல்காரன் ஒருவன்கூட வாசலில் பாதணி வைப்பதில்லை என்பதை அப்போதுதான் அவன் கவனித்தான், மழை நாளில் சேற்றோடு உள்ளே போய்க் கம்பளத்தில் மிதிப்பான், ஆனால் வெளியே கழற்ற மாட்டான்.

இதை அவன் சுற்றுலா அலுவலகத்தின் தலைவர் ஜோரிஸிடம் போய்ச் சொன்னான். ஜோரிஸ் நல்ல மனிதர்தான், பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறவர். அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே, “மூன்று விபத்துகளை வைத்து நீங்கள் ஒரு விதி செய்கிறீர்கள், நாயகம். இதை அச்சடித்தால் மக்கள் பயந்துபோவார்கள். உங்கள் உரிமத்தை இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும் இல்லையா?” என்று கேட்டார். குணநாயகம் தலையாட்டிவிட்டு வந்தான். பிரசுரத்தில் குறிப்புகள் பதினொன்றாகவே நின்றன. தன்னுடைய குழுக்களுக்கு மட்டும் பேருந்தில் வைத்து, தமிழில், குரலைத் தாழ்த்தி, “செருப்பை எங்கேயும் வெளியே கழற்றாதீர்கள், பையில் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்வான். மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. பக்கத்துப் பேருந்திலிருந்து இறங்குகிற வங்காளிக் குடும்பங்களைப் பார்க்கும்போது அவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

அந்த வருடம் வைகாசியில் அவனுடைய அக்கா பவளராணி வந்தாள். எட்டு வயது மூத்தவள், அவனைத் தூக்கி வளர்த்தவள், இருபத்துநான்கு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறான். மூன்று மாத விசா. திங்கட்கிழமை இரவு அவள் தன்னுடைய பையைத் திறந்து ஒடியல்மாவையும் மிளகாய்த்தூளையும் எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள். அதற்குள் ஒரு சோடி ரப்பர்ச் செருப்பு, ஆம்பிளைக் கால் அளவு, நீல வார், ஒரு வார் அறுந்து ஊசி குத்தியிருந்தது. குணநாயகத்துக்கு அது யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

போர் முடிந்த வாரத்தில், விசாரித்துவிட்டு விடுகிறோம், ஒப்படைத்தால் ஒன்றும் செய்யமாட்டோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதைக் கேட்டு, பவளராணி தன்னுடைய மகன் நிரோஜனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தானே ஒப்படைத்தாள். பதினெட்டு வயது. சீருடைக்காரர்கள் செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் போட்டுவிட்டுப் பேருந்தில் ஏறச் சொன்னார்கள். பேருந்து போன பிறகு அந்தக் குவியலிலிருந்து மகனுடைய சோடியை அவள் தேடி எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எந்த வீட்டில் இருந்தாலும், அகதி முகாமின் தறப்பாள் கொட்டிலில் இருந்தாலும், வாசலில் அந்தச் செருப்பு இருக்கும். ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

“அக்கா, இஞ்சை செருப்பை வெளியிலை வைக்கக் கூடாது” என்றான் குணநாயகம்.

“ஏன் தம்பி?”

தப்பி வந்த அக்காவிடம், இந்த ஊரிலும் வியாழனுக்கு வியாழன் ஆமி வரும் என்று எப்படிச் சொல்வான். “களவு போயிடும்” என்றான்.

“இந்தப் பிஞ்ச செருப்பை எடுத்து வெள்ளைக்காரன் என்ன செய்யப்போறான்” என்று அவள் சிரித்தாள். இருந்தாலும் தம்பி சொன்னதற்காகக் கதவுக்கு உள்பக்கம் இருந்த செருப்புத் தட்டில் வைத்தாள். குணநாயகம் நிம்மதியாகப் படுத்தான்.

வியாழன் காலை புறப்படும்போது, “பின்னேரம் மூண்டு மணிக்கு ஊரிலை ஒரு திருவிழா. சத்தம் கேக்கும், பயப்பிடாதேங்கோ. கதவைத் திறந்து வச்சிட்டு உள்ளுக்கையே இருங்கோ” என்றான். அது பொய்யில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு படியிறங்கினான்.

அவன் போன பிறகு பவளராணி முழுகிவிட்டு வந்து விளக்கேற்ற நின்றாள். அந்தச் சின்ன வீட்டில் சுவாமித் தட்டுக்கு வேறு இடமில்லாமல் குணநாயகம் அதைக் கதவருகே சுவரில் அடித்திருந்தான், பிள்ளையாரும் முருகனும் அங்கே இருந்தார்கள், அவர்களுக்கு நேர் கீழே செருப்புத் தட்டு. பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. வெள்ளைக்காரன் நாட்டுக்கு வந்து தம்பிக்கு இதுவும் மறந்துபோயிற்றே என்று நொந்துகொண்டாள். தன்னுடைய செருப்பைக் குளியலறைக்குக் கொண்டுபோனாள். தம்பியின் பழைய சப்பாத்துகளைப் பொதி கட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். நிரோஜனுடையதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கதவைத் திறந்து, வாசலுக்கு வெளியே, வலதுகால் வலதாகவும் இடதுகால் இடதாகவும் சரியாக வைத்துவிட்டு வந்து கற்பூரம் கொளுத்தினாள். மனம் லேசாயிற்று.

பத்து மணிக்கு வீட்டுச் சொந்தக்காரி மாட்டில்டா கடிதங்களைக் கொடுக்க அவர்களுடைய மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். செருப்பைப் பார்த்தாள். கடிதங்களைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, சத்தம் போடாமல் இறங்கிப் போனாள்.

குணநாயகத்தின் குழு அன்று கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தது. இருபத்திரண்டு பேர். நகர மண்டபத்தின் மாடத்தில் அவர்களை வரிசையாக உட்கார வைத்தான். பஞ்சு வியாபாரி குப்பண்ணன் மட்டும் அவன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க, நெசமாலுமே கத்திங்களா? இல்ல சினிமாவுல பண்றாப்புலயா?”

“நிசக் கத்திதான், ஐயா. ஓடாமல் இருந்தால் ஒண்டும் இல்லை.”

“நாம எதுக்குங்க ஓடறோம்” என்று குப்பண்ணன் மாடத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மூன்று மணி அடித்தது. முரசு கேட்டது. வடக்கு வாசல் வழியாக அவர்கள் வந்தார்கள், முன்னால் ஒற்றைக் காது அறுந்த தலைவன், தோளில் கோடரி, பின்னால் முந்நூறு பேர், குதிரைகளின் வாயில் நுரை, ஈட்டிகளின் நுனியில் அதற்கு முன் சூறையாடிய ஊரின் முடிக்கற்றைகள். கிழவன் ஒருவன் தேவாலய மணிக்கயிற்றைப் பிடிக்க ஓடினான், அவன் முதுகில் ஈட்டி இறங்கி வயிற்றில் வந்தது, அவன் அந்த ஈட்டியோடேயே நாலு அடி நடந்தான். ரொட்டிக்காரன் வெளியே வந்தான், அறுத்தார்கள். மகள்களை இழுத்தார்கள். தொட்டிலோடு ஒரு குழந்தையைச் சுவரில் அடித்தார்கள். சதுக்கத்தின் கல் இடுக்குகளில் ரத்தம் வாய்க்கால் பிடித்து ஓடிவந்து உணவக மேசைகளின் கால்களைச் சுற்றிப்போயிற்று, மேசையில் இருந்தவர்கள் பழகிப்போனபடி கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். கோயம்புத்தூர்ப் பெண்களில் ஒருத்தி வாந்தியெடுத்தாள். குணநாயகம் வழக்கம்போல மெல்லிய குரலில் வருடங்களையும் பெயர்களையும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஒற்றைக் காதன் மூக்கை உயர்த்தி நின்றதைப் பார்த்தான். ஆறு பேரைக் கைகாட்டி அழைத்துக்கொண்டு அவன் சதுக்கத்தை விட்டுத் திரும்பினான். செம்மான் தெருவுக்குள் போனான். செம்மான் தெருவின் நான்காம் வீட்டில்தான் குணநாயகம் குடியிருந்தான். அந்தத் தெருவில் வெளியூரான் வேறு யாரும் இல்லை.

நீல வார்ச் செருப்பு அவன் கண் முன்னால் வந்தது. களவு போயிடும் என்று சொன்ன தன்னுடைய குரலும் கேட்டது.

அவன் ஓடினான். பதினொரு வருடம் ஓடாதீர்கள் என்று சொன்னவன், இருபத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மாடத்திலிருந்து படிகளில் இறங்கிச் சதுக்கத்துக்கு நடுவில் ஓடினான். ஓடுகிற காலைக் கண்டதும் முந்நூறு பேரும் திரும்பினார்கள். முதல் ஈட்டி தோளை உரசிப் போயிற்று. இரண்டாவது தொடையில் இறங்கியது, அவன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான். கிணற்றடியில் ஒருவன் வாளை ஓங்கினான்; அந்த மூத்த மகள், சாக வேண்டியவள், வாள் ஓங்கியவனின் மணிக்கட்டைக் கடித்தாள். குணநாயகம் அவளுக்கு நன்றி சொல்லவில்லை, நேரமில்லை.

அவன் வீட்டுப் படிக்கட்டின் முதல் மாடியில் மாட்டில்டா தன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்தைந்து வயதுக்காரி, கையில் இன்னும் சமையல் கையுறை. அவன் கைப்பிடியைப் பற்றி இழுத்துக்கொண்டு ஏறினான், ஒவ்வொரு படியிலும் ரத்தம்.

“செருப்பைப் பார்த்தீர்களா?”

“காலையில் பார்த்தேன்.”

“ஏன் சொல்லவில்லை?”

“நானூறு வருடத்துக்கு முன் அந்த வியாழக்கிழமை இந்த ஊர்ப் பெரியவர்கள் படையோடு பேசி முடித்தார்கள், நாயகம். வீட்டுக்கு ஒருவரைத் தருகிறோம், மற்றவர்களை விட்டுவிடுங்கள் என்று. யாரைத் தருகிறோம் என்று காட்ட அவர்களுடைய சப்பாத்தை வாசலில் வைத்தார்கள். வேலைக்காரியுடையதை வைத்தார்கள், மூத்த தாரத்துப் பிள்ளையுடையதை வைத்தார்கள். ரொட்டிக்காரன் யாருடையதையும் வைக்கவில்லை.” அவள் தன் கையுறையைப் பார்த்தாள். “நாலு மாதத்துக்கு ஒரு சப்பாத்தாவது கிடைக்காவிட்டால் எங்கள் கதவுக்கு வருவார்கள். மேல்மாடியில் எனக்கு ஒரு மகன் இருந்தான். அந்த வருடம் வெளியூரார் யாரும் வாசலில் சப்பாத்து வைக்கவில்லை.”

“என் அக்கா அவள்.”

“உனக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியும். நீ எத்தனை பேருக்குச் சொன்னாய்?”

அந்தக் கேள்வி தொடையில் இருந்த குத்தைவிட ஆழமாகப் போயிற்று. அவன் ஏறினான்.

மூன்றாம் மாடியில் ஏழு பேரும் நின்றார்கள். பிணவாடையும் குதிரைவாடையும் அடித்தது. ஒற்றைக் காதன் கோடரியின் முனையால் செருப்பைத் தொட்டுக் காட்டி, திறந்திருந்த கதவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். குணநாயகம் அவனுக்கு முன்னால் போய் விழுந்தான். “என்ர செருப்பு. என்னைக் கொண்டு போங்கோ” என்று முதலில் தமிழிலும் பிறகு அந்த ஊர் மொழியிலும் சொன்னான். ஒற்றைக் காதன் குனிந்து அவன் கால்களைப் பார்த்தான். இரண்டு காலிலும் சப்பாத்து இறுக்கிக் கட்டியிருந்தது. நானூறு வருடம் இதே வேலையைச் செய்தவனை ஏமாற்ற முடியவில்லை. வயிற்றில் ஒரு உதை விட்டான், குணநாயகம் சுவரோடு போய் விழுந்தான்.

உள்ளேயிருந்து பவளராணி வெறுங்காலோடு வந்தாள்.

அவளுடைய வெறுங்காலைப் பார்த்ததும் ஏழு பேரும் ஒன்றாக அசைந்தார்கள். ஒற்றைக் காதன் அவளுடைய கொண்டையைப் பிடித்தான். குணநாயகம் கத்தினான், எழும்ப முடியவில்லை. பவளராணி கத்தவில்லை. சீருடைக்காரர்களை அவள் இன்றைக்குத்தானா பார்க்கிறாள்.

“தலைமயிரை விடு” என்றாள். “பேந்து வெட்டு. முதலிலை நான் சொல்லுறதைக் கேள்.”

நானூறு வருடத்துக்கு முந்திய ஏதோ ஒரு பாஷைக்காரன் அவன். ஆனால் செருப்பு, பிள்ளை, வாசல் என்ற மூன்றையும் ஒரு தாய் கையால் காட்டிச் சொன்னால் எந்த ஊர் ஆமிக்காரனுக்கும் விளங்கும். அவள் தன்னுடைய காலை அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு விரற்கடை சின்னதாக இருந்தது. ஒற்றைக் காதனின் பிடி தளர்ந்தது.

“இது என்ர பிள்ளையின்ர செருப்பு. பேர் நிரோஜன். வா, உள்ளுக்கை வந்து பார். தேடு.”

அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து அவளே உள்ளே இழுத்துப் போனாள். தேடுவது என்றால் அவர்களுக்குத் தெரியும். கட்டிலைப் புரட்டினார்கள், அலுமாரியை உடைத்தார்கள், மெத்தையை ஈட்டியால் குத்தினார்கள், குளியலறைத் திரையைக் கிழித்தார்கள், அரிசிப் பீப்பாய்க்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார்கள். சுவாமித் தட்டை மட்டும் தொடவில்லை, அங்கே ஆள் ஒளிய இடமில்லை. வாசலில் பாதணி இருந்து உள்ளே உரியவன் இல்லாத வீட்டை அவர்கள் இதுவரை கண்டதில்லை. ஏழு பேரும் திரும்பி வந்து, என்ன செய்வது என்று தெரியாமல், வாசலில் நின்றார்கள்.

“இல்லையெல்லே?” என்றாள் பவளராணி. அவளுடைய குரல் அப்போதுதான் உடைந்தது. “இருக்காது. நான்தான் கையைப் பிடிச்சுக் கொண்டுவந்து உங்களிட்டைத் தந்தனான். விசாரிச்சிட்டு விடுறம் எண்டு சொன்னீங்கள். பதினைஞ்சு வருசம். செருப்பு என்னட்டை இருக்கு. பிள்ளையை எங்கை வச்சிருக்கிறீங்கள்?”

ஒற்றைக் காதன் திரும்பி வெறும் அறைக்குள் இன்னொரு தடவை பார்த்தான்.

நான்கு மணி அடித்தது. தெற்கு வாசலில் தண்ணீர் வண்டிகள் இயந்திரத்தை முடுக்கின. படை போகவில்லை. தலைவன் படியிறங்கி வராததால் முந்நூறு பேரும் சதுக்கத்தில் நின்றார்கள், நாலே காலுக்கும் நின்றார்கள், தூக்கிய கால்களை மேசைக்காரர்கள் எவ்வளவு நேரம்தான் தூக்கிக்கொண்டிருப்பார்கள். நாலரைக்கு ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு புறப்பட, அதை ஈட்டிகளால் கிழித்தார்கள். நகரம் முதல் தடவையாக அலறியது.

ஜோரிஸ் மூச்சு வாங்க மூன்று மாடியும் ஏறி வந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்துதான் இருந்தது, ஏனென்றால் அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் நேராகச் செருப்பைப் பார்த்தார். “இதையெல்லாம் ஜன்னல் வழியே எறிந்திருந்தால் முடிந்திருக்கும், நாயகம்” என்று சொல்லிக் குனிந்து கையை நீட்டினார்.

குணநாயகம் தடுத்திருக்கலாம். ஒரு கணம் இருந்தது. ஈரானியப் பெரியவரின் சாம்பல் நிறச் சப்பாத்துகளை அவன் நினைத்தான், வாயைத் திறக்கவில்லை. கோடரி இறங்கியது. செருப்புக்குப் பக்கத்தில் ஜோரிஸின் வலது கை விழுந்தது, மோதிரத்தோடு.

பவளராணிதான் ஓடி வந்து அவரைத் தாங்கினாள். தன்னுடைய சேலைத் தலைப்பைக் கிழித்து மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினாள், பங்கருக்குள் இருந்து எத்தனை பேருக்குக் கட்டியவள். கட்டி முடித்து, தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயைத் திறக்காததை அவள் கண்டிருந்தாள். அதைப் பற்றி அவள் பிறகு ஒருநாளும் பேசவில்லை, அவனுக்கு அதுவே போதும் போதும் என்று இருந்தது. பிறகு எழும்பி ஒற்றைக் காதனிடம் சொன்னாள்:

“இஞ்சை நிண்டு என்ன செய்யிறாய்? இவ்வளவு காலமும் ஆக்களை வெட்டினது காணும், போதும். போய்த் தேடு. கண்டுபிடிச்சுக் கொண்டுவா.”

ஒற்றைக் காதன் செருப்பைப் பார்த்தான், அளவைக் கண்ணால் எடுத்துக்கொண்டான். ஏழு பேரும் இறங்கிப் போனார்கள். முரசு அடிக்காமல், யாரையும் தொடாமல், முந்நூறு பேரும் தெற்கு வாசல் வழியாக வெளியேறினார்கள்.

அடுத்த வியாழன் மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். ரொட்டிக்காரன் வங்கிக் கதவிலிருந்து வெளியே வந்து, என்ன சத்தம் என்று பார்த்தான், யாரும் அவனிடம் வரவில்லை. அவன் கொஞ்ச நேரம் கைகளைத் தட்டி மாவை உதறிக்கொண்டு நின்றான். மூத்த மகள் கிணற்றடியில் உட்கார்ந்து தங்கைக்குத் தலை பின்னினாள். ஒற்றைக் காதன் நேராகச் செம்மான் தெருவுக்குப் போய் மூன்றாம் மாடி ஏறி வாசலில் நின்றான். பூட்ஸைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு வந்திருந்தான், அது எப்படி அவனுக்குத் தோன்றிற்றோ தெரியவில்லை. பவளராணி வெளியே வந்தாள்.

“கிடைச்சானா?”

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று.

“போய்த் தேடுங்கோ.”

அப்படியே ஆயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் அதே கேள்வி, அதே தலையாட்டல். முந்நூறு பேர் உலகத்தில் எந்தெந்த முகாமில், எந்தெந்த மண்ணைத் தோண்டித் தேடுகிறார்களோ, திரும்பி வரும்போது அவர்கள் கைகளில் வெவ்வேறு நிற மண் இருந்தது, ஒரு தடவை சிவப்பாக, ஒரு தடவை உப்பளத்து வெள்ளையாக. நகரம் இதற்கும் பழகிக்கொண்டது. முதலில் வெட்டுப் பார்க்க வருகிற கூட்டம் குறைந்துபோயிற்று என்று முணுமுணுத்தார்கள், பிறகு ரொட்டிக்காரனுடைய கடையை வங்கிக்குப் பக்கத்திலேயே கட்டிக் கொடுத்தார்கள், வியாழனுக்கு ஒரு மணி நேரம் அவன் ரொட்டி சுடுகிறான், வரிசை நிற்கிறது. பவளராணியின் விசா மூன்று மாதத்தில் முடிந்தபோது, விண்ணப்பம் போடாமலேயே நகரசபை அதை நீட்டித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. கொண்டுவந்து கொடுத்தவர் ஜோரிஸ், இடது கையால். வியாழக்கிழமை காலைகளில் மாட்டில்டா வந்து செருப்பைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போகிறாள், செருப்பைத் தொடாமல்.

குணநாயகம் நொண்டி நொண்டி இன்னமும் வழிகாட்டியாகத்தான் இருக்கிறான். பிரசுரத்தைத் திருத்தி எழுதினான், தமிழில் மட்டுமல்ல, பாரசீகத்திலும் ஜப்பானிய மொழியிலும் துருக்கியிலும் வங்காளத்திலும் போடச் செய்தான், அச்சாகி வந்த முதல் பிரதிகளைக் கிணற்றடியில் செத்த அந்த மூன்று பேருடைய வீட்டு முகவரிகளுக்குத் தபாலில் அனுப்பினான், எங்கிருந்தும் பதில் வரவில்லை. பழைய பதினொரு குறிப்புகளில் இப்போது ஒன்றுக்கும் வேலையில்லை. ஓடலாம், கதவைச் சாத்தலாம், ரொட்டி தின்னலாம், சாகவிருந்தவர்களோடு பேசலாம். ஒரேயொரு குறிப்புத்தான் மிச்சம், அதைத்தான் அவன் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான்:

செம்மான் தெரு நான்காம் வீட்டு மூன்றாம் மாடியின் வாசலில் ஒரு சோடி செருப்பு இருக்கும். எடுக்காதீர்கள், தாண்டாதீர்கள், நகர்த்தாதீர்கள். உரியவர் வந்துகொண்டிருக்கிறார்.